குடலில் காற்று

ஹாமர்ஃபெஸ்ட்டில் ஜனவரியின் பகல்
ஜன்னலில் இரண்டு மணி நேரம் நிற்கும் நீலம்.
அதற்குள் வந்துவிடுவார் ஹால்வர் நெஸ்மூ,
காலணியின் ஆணிப்பட்டையைக் கழற்ற மறந்து
தரையைக் கீறிக்கொண்டு.

சட்டையைத் தூக்கிப் படுப்பார்.
களிம்புப் புட்டியை வெந்நீரில்தான் வைத்திருப்பேன்.
ஆனாலும் "பனிக்கட்டி" என்பார்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை,
அணையாத வெயில் காயும் ஜூலையிலும்.

தொப்புளுக்குச் சற்று மேலே, முதுகெலும்பை ஒட்டி,
அவருடைய பெருந்தமனி நேராக இறங்கி வந்து
ஓரிடத்தில்
ஊதப்போகிறவனின் கன்னம்போல் உப்பி நிற்கிறது.

"எவ்வளவு?"

முதல் தடவை முப்பத்தொன்பது மில்லிமீட்டர்.
பிறகு நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு.
சட்டைப்பையில் இருக்கும் நீரேற்ற அட்டவணையின் ஓரத்தில்
பென்சிலால் குறித்துக்கொள்வார்.
ஐம்பத்தைந்து வந்தால் கத்தி.
வராதவரை
பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
அப்படிக் கட்டிக்கொண்டுதான்
வாசலில் பனி வாருகிறார்,
காட் மீனின் ஈரலை வேகவைக்கிறார்,
ஞாயிறுதோறும் தங்கை இங்கெபோரிடம்
சீட்டில் தோற்றுவிட்டு வருகிறார்.

சென்ற கோடையிலிருந்து கருவிக்குள் இன்னொரு எண்.
ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது,
எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதன் கணக்கு.
வயதானால் தமனி விறைக்கும், யாருக்கும்.
மீளும் நார்கள் நைந்துபோக
மீளத் தெரியாத நார்கள் இழுத்துப் பிடித்து நிற்கும்.
வீங்கிய இடத்தில் இன்னும் அதிகம்.
ஆனால் அப்படி விறைத்த சுவர்
பின்னொரு நாள் இளகத் தொடங்கினால்?

சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது.
ஒருவருக்கும் நிச்சயம் இல்லை.
நிச்சயம் இல்லாததால் ஆய்வு.
ஆய்வு என்பதால் அந்த எண்ணை
அவரிடமும் சொல்லக் கூடாது, அவர் மருத்துவரிடமும் கூடாது.
ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டிருக்கிறார்.
கீழே, சாட்சியாக, நான்.

இன்று அகலம் நாற்பத்தெட்டு.
ஜூலையிலும் நாற்பத்தெட்டு.
மற்ற எண் இறங்கியிருந்தது.
மூச்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தேன்.
இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி மறுபடி.
இறங்கித்தான் இருந்தது.

"எவ்வளவு?"
"நாற்பத்தெட்டு."
"அசையவே இல்லையா! சோம்பேறி!"
தன் வயிற்றைத் தானே தட்டிக்கொடுத்தார்.
நான் சொன்னதில் பொய் இல்லை.

முப்பத்தோராண்டு இழுவைப்படகுகளில்
எண்ணெய்க்குழாய் மாற்றியவர்.
போன ஜூலையில் களிம்பைத் துடைத்தபடி,
யாரும் கேட்காமலே சொன்னார்:
விறைத்த குழாய் முனகும், கீறல் விடும்,
முன்கூட்டியே திட்டிவிட்டுத்தான் போகும்.
விரல் வைத்தால் குழையும் பாருங்கள் ஓரிடம்,
அதை அன்றைக்கே வெட்டி எறிந்துவிடுவேன்,
கப்பல்தலைவன் கத்தினாலும்.

அப்போது நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.
"ஓ" என்றேன் என்று நினைக்கிறேன்.

"படம் சரியாக விழவில்லை" என்றேன் இன்று.
"குடலில் காற்று. மறைக்கிறது.
ஜூலை வரை வேண்டாம், ஏப்ரலில் ஒருமுறை வாருங்கள்."

அவர் முகம் சிவந்துவிட்டது.
"காற்றா? எனக்கா?
நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி.
பட்டாணியைத் தொட்டு நான்கு நாள்!
இங்கெபோரைக் கேளுங்கள்!"
"சில சமயம் அப்படித்தான்" என்றேன்.
திரையில் அவர் தமனி,
ஒரு மறைப்பும் இல்லாமல்,
பாடப்புத்தகத்தில் போடலாம் போல் தெளிவாக இருந்தது.
திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அறிக்கையில் எழுதினேன்: குடல்வாயு. மறுபடம், மூன்று மாதம்.
மூன்று போதுமா தெரியாது.
ஒன்று என்று எழுதினால் கேள்வி வரும்.

அட்டவணை ஓரத்தில் நாற்பத்தெட்டு எழுதினார்.
பக்கத்தில் ஏப்ரல் என்று எழுதி
பென்சில் முனை ஒடியும் அளவுக்கு அடிக்கோடிட்டார்.
நன்றி சொல்லவில்லை. எப்போதும் சொல்லுகிற ஆள்.

நீலம் போய்விட்டிருந்தது.
தரையில் புதிதாக இரண்டு கீறல்.
அடுத்த பெயரை அழைக்கக் கதவைத் திறந்தபோது
வராந்தாவில் அவர் குரல்,
காத்திருக்கும் யாரோ ஒருவரிடம், ரகசியம்போல, உரக்க:
"பட்டாணி சாப்பிட்டீரா?
உள்ளே போனால் கண்டுபிடித்துவிடுவாள்."